ஏழாம் நாற்காலியின் நன்றியுரை

முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது என் தொழில் வழக்கம். சுருக்கெழுத்து எழுதும்போது பேசுபவரின் பெயரையும் பதவியையும் எழுத நேரம் கிடைக்காது. நாற்காலிக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால், எண்ணைப் போட்டுப் பேச்சைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

இடம்: எங்கள் நகராட்சி அலுவலகத்தின் முதல் மாடி, நீள மேசை. தலைப்பக்கத்தில், ஏசிக்கு நேர் கீழே, ஒன்றாம் நாற்காலியில் சுகாதார அமைச்சர். அவருக்கு வலப்பக்கம் இரண்டில், தலைநகரிலிருந்து கூடவே வந்த நிபுணர் டாக்டர். இடப்பக்கம் மூன்றில் எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், எதிர்க்கட்சிக்காரர். நான்கில் எங்கள் அலுவலக மேலாளர். ஐந்தில் வணிகர் சங்கத் தலைவர். கூட்டம் முழுக்க அவர் தூங்கினார், ஆகவே இனி அவரைப் பற்றிப் பேச்சில்லை. ஆறில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் சார்பாக வந்தவர். ஏழுக்கு முன்னால் ‘தாய்மார் பிரதிநிதி’ என்று அட்டை இருந்தது, ஆள் இல்லை. எட்டில் எங்கள் ஊர்ப் பிரசவ வார்டின் பொறுப்பு நர்ஸ். அவள் என் நாத்தனார், என் கணவரின் தங்கை. சுவரோரமாகக் குட்டி மேசையில் நான். எனக்கு எண் கிடையாது. வாசலில் கேமராக்காரர்கள் மூன்று பேர்.

பத்து மணிக் கூட்டத்துக்கு அமைச்சர் பத்து ஐம்பதுக்கு வந்தார். அவருடைய உதவியாளர் தோல் பையைத் தரையில் வைக்கப் போனார், தரையைப் பார்த்தார், மனசு வரவில்லை. காலியாக இருந்த ஏழாம் நாற்காலியில் பையை உட்கார வைத்தார். பத்து ஐம்பத்திரண்டு என்று குறித்துக்கொண்டேன்.

எதற்குக் கூட்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு முந்நூறு பிரசவத்துக்குக் குறைவாக நடக்கும் வார்டுகளை எல்லாம் மூடி, பெரிய மருத்துவமனைகளோடு சேர்த்துவிட வேண்டும் என்று நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்திருக்கிறது. எங்கள் வார்டில் போன வருடம் இருநூற்றுப் பதினொன்று. பெரிய மருத்துவமனை எழுபத்து நான்கு கிலோமீட்டர். மூடுவதற்கு முன் ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்டு, கூட்டக் குறிப்பை நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குறிப்பில் ஒரே ஓர் எதிர்ப்பு பதிவாகியிருந்தாலும் குழு நேரில் ஆள் அனுப்பிப் பார்த்தாக வேண்டும். ‘ஒருமனதாக’ என்று இருந்தால் அடுத்த மாதம் முதல் தேதி வார்டுக்குப் பூட்டு. ஆக, எட்டு நாற்காலிக்காரர்களும் என்ன பேசினார்கள் என்பதுதான் எல்லாம்.

டாக்டர் முதலில் பேசினார். அவர் பேசியதில் தப்பில்லை. சின்ன வார்டில் ரத்தம் கிடைக்காது, மயக்க மருந்து டாக்டர் கிடையாது, சிக்கலான கேஸ் வந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும்; எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் சாவு குறையும் என்று புள்ளிவிவரத்தோடு சொன்னார். அதற்கு எதிர்ப்பேச்சு பேசி, அவர் பதில் சொல்லி, கடைசியில் மூடலாம் என்றே முடிந்திருந்தாலும் நான் ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கருத்து வேறுபாடு எனக்குக் குமட்டாது. அன்றைக்குக் குமட்டியது வேறு.

டாக்டர் பேசிய பதினோரு நிமிடமும் அமைச்சர் கைபேசியில் முந்தின நாள் தொலைக்காட்சிக்குத் தான் கொடுத்த பேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாலும் சுவரோரம் வரைக்கும் கேட்டது. தன்னுடைய நகைச்சுவைக்குத் தானே இரண்டு தடவை சிரித்தார். நடுநடுவே பல்லிடுக்கில் குச்சியை விட்டுக் குடைந்து, நுனியில் வந்ததைப் பார்த்துவிட்டு, பிஸ்கட் தட்டின் ஓரத்தில் துடைத்தார். அந்தத் தட்டை உதவியாளர் எல்லாருக்கும் நீட்டிக்கொண்டு போனார். நான்காம் நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டது.

பிறகு நாத்தனார் எழுந்தாள். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. இரவு டூட்டி முடித்துக் குளித்துவிட்டு நேராக வந்திருந்தாள்.

"எவ்ளோ நேரம்மா?" என்றார் அமைச்சர்.

"அஞ்சு நிமிஷம்ங்க."

"மூணுல முடிங்க. விவரமெல்லாம் எங்களுக்கும் தெரியும். நாங்களும் பிள்ளை பெத்தவங்கதான்."

"நீங்க எந்த வார்டுல பெத்தீங்கய்யா?"

ஆம்புலன்ஸ்காரர் சிரித்துவிட்டார். மேலாளர் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். ‘சிரிப்பு’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். இருமலைப் போடவில்லை.

அவள் ஒரு தாளை அமைச்சரின் முன்னால் வைத்தாள். இரண்டு வருடத்தில் எட்டுப் பெண்கள். வந்த நேரம், பிறந்த நேரம், என்ன சிக்கல் என்று வார்டுப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதியது. எட்டுப் பேரும் வார்டுக்கு வந்து ஒரு மணி நேரத்துக்குள் பெற்றவர்கள். அமைச்சர் தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். கேமரா விளக்குகள் எரிந்தன. விளக்கு அணைந்ததும் தாளைக் கீழே போட்டார்.

"இந்த ஏழாம் நாற்காலிக்கு வர வேண்டியவங்க வரல," என்று நாத்தனார் தொடர்ந்தாள். "ஏன்னா இன்னிக்குக் காலைல எட்டேகாலுக்கு எங்க வார்டுல அவங்களுக்குப் பொண்ணு பிறந்தது. தேதிக்கு மூணு வாரம் முன்னாடியே வலி. தொப்புள்கொடி கழுத்தைச் சுத்தியிருந்தது. வலி எடுத்ததுல இருந்து நாப்பது நிமிஷம். நாப்பது நிமிஷத்துல உங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம்தான் போயிருக்க முடியும். பாதி ரோட்டுல யாருங்க கொடியை எடுத்து விடுவாங்க?"

ஆம்புலன்ஸ்காரர், "நான் ஓட்டணும், அவங்களைப் பார்க்க முடியாதுங்க," என்றார்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, "சிஸ்டர், அந்த மாதிரி எத்தனை கேஸ்..." என்று தொடங்கினார்.

"நல்லபடியா பிறந்துடுச்சுல்ல," என்று அமைச்சர் குறுக்கே புகுந்தார். "அப்புறம் என்ன. வாழ்த்து சொன்னேன்னு சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே தேநீர்க் கோப்பைக்குக் கை நீட்டினார். முழங்கை இடித்து மேசையில் கொட்டியது. உதவியாளர் துணிக்காக வெளியே ஓடினார். அமைச்சர் காத்திருக்கவில்லை. அந்தத் தாளை எடுத்து, நாலாக மடித்து, மேசையைத் துடைத்தார். பிறகு சட்டைக் கையில் தெறித்ததைத் துடைத்தார். பிறகு, கோபமே இல்லாமல், பழக்கத்தில் செய்வதுபோல, மூக்கையும் துடைத்துப் பிஸ்கட் தட்டில் போட்டார். எட்டுப் பெண்களும் தட்டில் கிடந்தார்கள், பல்குச்சிக்குப் பக்கத்தில். நாத்தனார் பேச்சை நிறுத்தவில்லை, குரலும் மாறவில்லை.

அடுத்து எதிர்க்கட்சிக்காரர். கேமரா விளக்கு எரியும் வரை காத்திருந்து எழுந்தார். "தாய்மார்களின் கண்ணீரில் இந்த அரசு கரைந்துபோகும்" என்று ஆரம்பித்து நாலரை நிமிடம். மேசையை மூன்று தடவை தட்டினார். எழுதும்போதே எனக்கு ஒரு நினைப்பு ஓடியது: இந்தச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்த நாளில் இவர் அவைக்குள் இல்லை, வாசலில் நின்று கண்டனப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

பேசி முடித்ததும் நாத்தனாரின் பக்கம் குனிந்தார். "தங்கச்சி, அந்தக் கொடி சுத்தின விஷயத்தை இன்னொரு தடவ சொல்லுங்க. கேமரா உங்க பக்கம் வரும். கொஞ்சம் கண்ணு கலங்கினா நல்லா இருக்கும்."

"எனக்கு அழ வராதுங்க. வேலை விஷயம் பேசும்போது பழக்கமில்ல."

அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு உட்கார்ந்தார். கேமராக்காரர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

இனி நடந்ததுதான் முக்கியம். கேமரா போனால் கூட்டமும் போய்விட்டது என்று இந்த ஆட்கள் நினைக்கிறார்கள். எங்கள் விதி அப்படி இல்லை. தலைமை வகிப்பவர் ‘கூட்டம் முடிந்தது’ என்று வாயால் சொல்லும்வரை கூட்டம் நடக்கிறது, பேசுவதெல்லாம் குறிப்பு. அவர் சொல்லவில்லை. என் பென்சிலும் நிற்கவில்லை.

"எப்படிண்ணே இருந்தது?" என்று மூன்றாம் நாற்காலி ஒன்றாம் நாற்காலியிடம் கேட்டது.

"குரல் கொஞ்சம் கம்மி தம்பி. மேசையத் தட்டினது நல்லாருந்துச்சு."

"தொண்டை கட்டியிருக்குண்ணே."

"அடுத்த வாரம் இந்தச் சட்டத்துக்குத் திருத்தம் வருது. நீ பாட்டுக்குக் கத்து. ஓட்டு நேரத்துல எழுந்து வெளிய போயிடு, போன தடவ மாதிரி."

"அதெல்லாம் சொல்லித் தெரியணுமாண்ணே."

"இந்த ஊர்லயெல்லாம் யாரு பெத்துக்கச் சொன்னா?" என்றார் அமைச்சர். மூன்று பேர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் சொல்வதுதான் நியாயம். மேலாளர் சிரித்தார். அதையும்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அமைச்சர் எழுந்தார். "எல்லாருக்கும் சம்மதம்தானே. கூட்டம் முடிஞ்சுது." பதிலுக்கு நிற்கவில்லை. உதவியாளர் ஏழாம் நாற்காலியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

எல்லாரும் போனபின் தட்டிலிருந்து அந்தத் தாளை இரண்டு விரலால் எடுத்தேன். பிரித்து, ஜன்னல் விளிம்பில் காயவைத்து, உறையில் போட்டுக்கொண்டேன். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மறுநாள் காலை மேலாளர் கூப்பிட்டார். மேசையில் செய்தித்தாள் விரித்திருந்தது. முதல் பக்கத்தில் அமைச்சர் தாளை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, கவலையோடு படித்துக்கொண்டிருந்தார். ‘நர்சின் மனுவைக் கனிவுடன் பரிசீலித்தார்’ என்று கீழே போட்டிருந்தது. மேலாளர் நான்கு பக்கம் தட்டச்சு செய்த தாள்களை நீட்டினார்.

"மினிட்ஸம்மா, ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. மத்தியானத் தபால்ல போகணும்."

மினிட்ஸம்மா என்பது அலுவலகத்தில் எனக்கு வைத்த பெயர். நான் படித்தேன். ‘எட்டாம் இருக்கை: பொறுப்பு நர்ஸ் திட்டத்தை முழுமனதுடன் வரவேற்று, விரைந்து செயல்படுத்தக் கேட்டுக்கொண்டார்.’ ‘ஏழாம் இருக்கை: தாய்மார் பிரதிநிதி கண்ணீர் மல்க நன்றி தெரிவித்தார்.’ கடைசி வரி: ‘ஒருமனதாக ஏற்கப்பட்டது.’

"சார், ஏழாம் நாற்காலில அமைச்சரோட பை இருந்தது."

"தெரியும்."

"பை கண்ணீர் விட்டதா எழுதியிருக்கு."

"நான் எழுதலம்மா. முந்தாநாளே தலைநகர்ல இருந்து வந்தாச்சு. அழைப்புப் பட்டியலப் பார்த்து எழுதியிருக்காங்க. வராத ஆளு வரலேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கூட்டம் நடக்கறதுக்கு முன்னாடியே கூட்டக் குறிப்பு வந்துடுச்சா?"

"எல்லா ஊருக்கும் அப்படித்தான். நம்ம ஊருக்கு மட்டும் தனியா சமைப்பாங்களா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் சோறு வடிக்கும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"என் குறிப்ப இன்னும் எழுதி முடிக்கல சார். நாளைக்குச் சொல்றேன்," என்றேன். உண்மைதான். சுருக்கெழுத்தை விரித்து எழுதினால்தான் முடிந்த மாதிரி. அவர் பெருமூச்சு விட்டார். "நாளைக்கு நோட்டையும் கொண்டாங்க. பீரோவுல வச்சிடலாம்," என்றார். பீரோவுக்குள் போன நோட்டு திரும்பி வராது என்பது இருவருக்கும் தெரியும்.

மத்தியானம் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு விஷயத்தை ஒளிக்காமல் எழுத வேண்டும். இருபத்தாறு வருடத்தில் இதற்கு முன்னாலும் தயாராக வந்த குறிப்புகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். குடிநீர்க் குழாய்க்கு ஒன்று, பள்ளியை இடம் மாற்றியதற்கு ஒன்று, இன்னும் சில. குழாயில் இன்றைக்கும் வண்டல்தான் வருகிறது. அப்போதெல்லாம் கை அழுக்கானதாக எனக்குத் தோன்றவில்லை. முந்தின நாள் தட்டில் கிடந்த தாளைத் தொட்டதும் சோப்பைத் தேடிய கை, அந்தக் கையெழுத்துகளைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த அதே கைதான். அமைச்சரைப் பார்த்து வந்த குமட்டலில் ஒரு பங்கு எனக்கும் உரியது.

டூட்டி முடிந்து நாத்தனார் வந்தாள். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று அவருக்கும் அரை நாள் வேலை. சமையலறை மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். குறிப்பில் இருந்ததைச் சொன்னேன்.

"என் பேர்ல வரவேற்புன்னா போட்டிருக்காங்க?"

"முழுமனதுடன்."

"நான் திட்டினேன்னு எழுதியிருந்தாக்கூடப் பரவால்ல அண்ணி," என்றாள். "நாளைக்கு ரோட்டுல ஒருத்தி செத்துப்போவா. அவ புருஷன் அந்தக் காகிதத்தக் கொண்டுவந்து, நீதானடி கேட்டு வாங்கினேன்னு என் மூஞ்சில விசிறுவான். நான் என்ன சொல்லுவேன்?"

"ஒரு வழி இருக்கு," என்றேன். "பதினாலாவது விதி. கூட்டத்துல உட்கார்ந்த யாராவது ஒருத்தர் எழுத்துல கேட்டா, பேசினத அப்படியே விரிச்சு எழுதி மூணு நாளைக்குள்ள நான் நேரா குழுவுக்கு அனுப்பணும். மேலாளர் கையெழுத்து தேவையில்ல. இது வரைக்கும் யாரும் கேட்டதில்ல."

கணவர் தட்டை நகர்த்தினார். "அதாவது, இவ கேட்கணும், நீ அனுப்பணும். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஆப்பு. ஒரே வீட்டுல ரெண்டு தியாகி எதுக்கு?"

"தியாகி எல்லாம் இல்ல. விதி."

"விதிதான், தலைவிதி." அவர் தங்கையைப் பார்த்தார். "உன்னைத் தூக்கி எங்கயாவது போட்டுடுவாங்க, தெரியுமா?"

"வார்டே இல்லேன்னா எப்படியும் தூக்கித்தானே போடணும் அண்ணா."

அவர் எழுந்துபோய் என் மேசை விளக்கின் ஒயரை இழுத்துப் பார்த்து, ஆடிக்கொண்டிருந்த பிளக்கைச் சரிசெய்தார். அவருக்குச் சம்மதம் சொல்லத் தெரிந்த விதம் அவ்வளவுதான்.

நாத்தனார் கோரிக்கையை எழுதினாள். எங்களுக்குள் எட்டு மாதமாகச் சரியான பேச்சுவார்த்தை இல்லை. அவள் மகனுக்கு நான் ஏதோ புத்தி சொன்னதில் வந்த மனத்தாங்கல். அன்றைக்கும் அதைப் பற்றிப் பேசவில்லை. "மேற்படின்னு போடவா, மேற்கண்டன்னு போடவா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் விரித்து எழுத உட்கார்ந்தேன். நாற்காலி எண், நேரம், பேச்சு. முப்பத்தோரு பக்கம் வந்தது. யார் பேச்சையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மேசை தட்டிய மூன்று தடவையும் இருந்தது. ‘யாரு பெத்துக்கச் சொன்னா’ என்பதும் அதற்கு வந்த சிரிப்பும் இருந்தன. ஏழாம் நாற்காலிக்கு நேராக ‘ஆள் இல்லை, பை’ என்று எழுதினேன். டாக்டரின் கேள்வியை, அமைச்சர் வெட்டிய இடம் வரை எழுதி மூன்று புள்ளி வைத்தேன்.

மனுவை இணைப்பாகச் சேர்க்கும்போது நாத்தனார் முகம் சுளித்தாள். "அதயா அனுப்பறீங்க? நாத்தம் அடிக்குது. புதுசா ஒண்ணு எழுதித் தரேன்."

"கூட்டத்துல வச்சது இதுதான். புதுசு வச்சா பொய்யாயிடும்."

"மூக்கைத் துடைச்ச தாள் அண்ணி."

"அத அடிக்குறிப்புல எழுதியிருக்கேன்."

அவள் சிரித்தாள். எட்டு மாதத்தில் என் வீட்டில் அவள் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் காலை மேலாளரின் மேசையில் நோட்டையும், கையெழுத்து இல்லாத நான்கு பக்கத்தையும், நாத்தனாரின் கோரிக்கை நகலையும் வைத்தேன். அவர் நோட்டைப் புரட்டினார். தலைகீழாகப் பிடித்திருந்தார், நான் திருத்தவில்லை. சுருக்கெழுத்து படிக்கத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

"இதுல நான் எங்க வரேன்?"

"நாலாம் நாற்காலி. ஒரு இடத்துல."

"என்ன பேசினேன்?"

"பேசல சார். சிரிச்சீங்க."

அவர் முகம் சுருங்கியது. "எனக்கு இன்னும் பதினோரு மாசம் சர்வீஸ் இருக்கும்மா."

"எனக்கு ஆறு வருஷம் சார்."

"அந்தச் சிரிப்ப மட்டும் எடுத்துடலாமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

வார்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொய்க் குறிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. தன் சிரிப்பை மட்டும் கேட்டார். இருபத்தாறு வருடம் பக்கத்து அறையில் இருந்த மனிதர். இல்லை என்று தலையசைத்தேன்.

அவர் ஒரு தாளை எடுத்து அங்கேயே எழுதினார்: கூட்டக் குறிப்புப் பணியிலிருந்து என்னை விடுவித்து, இன்றே பழைய கோப்பறைக்கு மாற்றுவதாக. தேதி போட மறந்துவிட்டார். சுட்டிக்காட்டினேன், போட்டுக்கொடுத்தார். "இந்த ஆபீஸ் தபால்ல அது போகாது," என்றார்.

"போக வேண்டாம் சார். நேரா அனுப்பணும்னுதான் விதியில இருக்கு. ஒரு மணி நேரம் அனுமதி வேணும்."

"எதுக்கு?"

"தபால் நிலையத்துக்கு."

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதை அனுமதி என்று குறித்துக்கொண்டேன்.

தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் நான்கு பேர். நின்றுகொண்டே கடிதத்தைக் கடைசியாக ஒரு முறை சரிபார்த்தேன். எங்கள் சின்ன ஊர்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு. கடித வாசகம் நான்கே வரி. ‘மேற்படி கூட்டத்தில் எட்டாம் இருக்கையினர் திட்டத்துக்கு எதிர்ப்பு தெரிவித்தார். ஏழாம் இருக்கையில் எவரும் இல்லை. எவரும் சம்மதம் தெரிவிக்கவில்லை. பேசப்பட்டது முழுவதும் இணைக்கப்பட்டுள்ளது.’

இதைப் படிக்கப் போகும் குழுவிலும் ஒன்றாம் நாற்காலிகளும் மூன்றாம் நாற்காலிகளும்தான் உட்கார்ந்திருக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவர்களுக்கும் தேநீர் வரும், அவர்களுக்கும் கை துடைக்கத் தாள் வேண்டும். ஆனால் எதிர்ப்பு என்ற சொல் உள்ளே இருக்கும்வரை ஆள் அனுப்பாமல் பூட்ட முடியாது. இப்போதைக்கு அந்த வார்டுக்கும் பூட்டுக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு சொல்தான்.

"பதிவுத் தபாலா?" என்றாள் கவுண்டரில் இருந்தவள்.

"ஒப்புகை அட்டையோட."

உறையின் வாயில் பசை தடவி, மடித்து, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினேன். அவள் எடை பார்த்து, தபால்தலை ஒட்டி, முத்திரை குத்தினாள். அனுப்புநர் பெயருக்குக் கீழே பதவி எழுதும் இடம் காலியாக இருப்பதைக் காட்டினாள். ‘கூட்டக் குறிப்பாளர்’ என்று எழுதினேன். கூட்டம் நடந்த அன்று நான் அதுதான். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, உறையைப் பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் போட்டாள். பதினொன்று நாற்பதுக்கு வண்டிக்காரர் வந்து பையின் வாயைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்.